பன்னிரண்டாவது ஷரத்து

ஷார்ஜா,
ஜனவரி 9

அன்புள்ள தங்கை ரம்ஸிக்கு, உன் இத்தாத்தா சுலைக்கா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். குளிர் சற்று அதிகம், வலது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீயும் உம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

இதோடு இருக்கும் பழுப்பு உறையில் உன் ஒப்பந்தம் இருக்கிறது. பதினொரு பக்கம். பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போட்டால் போதும். நூர்நிலா கிரீம் முதலாளி ஜவ்ஹருக்காக இதே தாளை ஒன்பது பெண்களுக்கு எழுதிவிட்டேன். பத்தாவது நீ. பெயரும் ஊரும் தொகையும் மாறும், மற்றதெல்லாம் ஒன்றுதான். இங்கே ரோளாத் தெருக்களில் மாடி மாடியாக ஏறி நைட்டி விற்ற காலத்தில் கற்றுக்கொண்டது இது. ஒரே அளவில் வெட்டிவிட்டு, தோளில் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தைப்பேன். நான்கு வருஷமாக பிராண்டுகளுக்கும் ரீல்ஸ் போடுகிற பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீல் எழுதினால் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். நான் எழுதினால் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

இரண்டு ஷரத்து மட்டும் தெரிந்துகொள். எட்டாவதின்படி உன் கணக்கும், கம்பெனி தருகிற போனும், அதில் வருகிற பேச்சும் எழுத்தும் கம்பெனி பார்க்கலாம். வேறு போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் போனில் நாம் ‘சுகமா, சுகம்தான்’ என்பதோடு நிறுத்துவோம். வீட்டு விஷயமெல்லாம் காகிதத்தில். இங்குள்ளவர்களின் பெட்டிகளைக் கூலிக்கு ஊருக்குக் கொண்டுபோகிற குஞ்ஞாப்பு பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொச்சிக்கு வந்து போகிறார், அவர் பையில் போட்டுவிடலாம். காகிதத்தைப் பற்றி அந்தப் பதினொரு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. எழுதியவளுக்குத்தானே தெரியும். குஞ்ஞாப்புக்கு ஒரே சிரிப்பு. “இந்தக் காலத்துல லெட்டரா? ஆரை லவ் பண்றே சுலைக்கா, இந்த வயசுல?”

பன்னிரண்டாவது: இந்தப் பொருளால் உடம்புக்கு ஏதாவது ஆனது என்று எவரிடமும், எந்த வழியிலும் சொல்லக் கூடாது. சொன்னால் அபராதம். தொகையைப் பார்த்துப் பதறாதே. போன வருஷம் தலச்சேரிப் பெண் ஒருத்தி ஒரு பருவுக்காக லைவில் வந்து அழுதாள், ஜவ்ஹரின் சரக்கு வண்டி வண்டியாகத் திரும்பியது. அந்த மாதிரி ஆட்களுக்காக எழுதியது. உனக்காக இல்லை.

கையெழுத்துப் போட்டதும் எழுது. கடிதம் தொடங்கும்போதே உடம்பு எப்படி என்று சொல்லிவிடு, மற்றதை அப்புறம் படித்துக்கொள்கிறேன்.

உன் இத்தாத்தா,
சுலைக்கா


கொச்சி,
ஜனவரி 26

என் இத்தாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நல்ல சுகம். தூக்கம் மட்டும் பாக்கி. உங்கள் முழங்காலுக்கு உம்மா வைத்தியசாலைக் குழம்பு எண்ணெய் ஒரு குப்பி கொடுத்திருக்கிறார், குஞ்ஞாப்பிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டாயிற்று. மறுநாளே காக்கநாட்டில் ஒரு வாடகை பங்களாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்பது நாளில் நூற்றியிருபது வீடியோ எடுத்து முடித்தோம், இத்தாத்தா. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மே கடைசி வரை தினமும் ஒன்று வெளிவருமாம். காலையில் நோன்பு, மதியம் பெருநாள், சாயங்காலம் மழைக்காலம். வெளியே வெயில் கொளுத்துகிறது, ஜன்னலுக்கு மேல் ஒருவன் ஏறி நின்று ரப்பர் குழாயில் மழை பெய்ய வைக்கிறான். நான் உள்ளே போர்த்திக்கொண்டு, “மழ வந்தா என் முகம் வறண்டு போயிடும், அதுக்குத்தான் நூர்நிலா” என்கிறேன். சிவப்பு உடுப்பில் பெருநாள் முபாரக் சொன்னேன், அன்று ஜனவரி பத்தொன்பது. கூட இருக்கிற மேனேஜர் ரீனு சேச்சி பொல்லாதவர். “சிரி மோளே, சிரிப்புக்கு ஜிஎஸ்டி கெடையாது” என்று சொல்லியே என்னை நூற்றியிருபது தடவை சிரிக்க வைத்தார்.

இப்போது ரீனு சேச்சியோடு கம்பெனி ஃப்ளாட்டில்தான் இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு கடை திறப்பு, ரிப்பன் வெட்டுவது, சிரிப்பது. காலையிலும் படுக்கும் முன்னும் சேச்சி பார்க்க கிரீம் பூச வேண்டும். காலையில் முகத்தைப் படம் எடுத்து ஜவ்ஹர் இக்காவுக்கு அனுப்புகிறார். எப்படி வெளுத்துவருகிறது என்று வரிசையாகப் போடப்போகிறார்களாம். உண்மையைச் சொன்னால், நிஜமாகவே வெளுக்கிறது. கண்ணாடி முன்னால் கூடுதலாக நிற்கிறேன், திட்டாதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சலாம்.

ரம்ஸீனா


ஷார்ஜா,
பிப்ரவரி 12

அன்புள்ள ரம்ஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எண்ணெய் வந்தது, முழங்கால் அடங்கியது. உன் உடம்பு எப்படி?

உம்மாவுக்கு இப்போது காலைக் கஞ்சியை விட உன் வீடியோ முக்கியம். வண்டூர் வீட்டில் கோழிக்குத் தவிடு போடுவதற்கு முன்னால் போனைத் தூக்கிக்கொள்கிறாராம். எனக்குக் கூப்பிட்டு, “இன்னிக்கு என் மோள் மஞ்சள்ல வந்தா. முகம் பதினாலாம் பிறை மாதிரி இருக்குடீ. நீ பொறந்தப்பகூட இப்படி இல்லை” என்கிறார். எனக்கு ஒரு அடி, உனக்கு ஒரு முத்தம். ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

ஜவ்ஹர் துபாய்க்கு வந்திருந்தான். “உங்க தங்கச்சி முகத்துக்கு ஸ்டாக் நிக்க மாட்டேங்குது இத்தா” என்றான். அடுத்த வருஷத்துக்கு முப்பது பெண்கள் எடுக்கிறானாம், முப்பது ஒப்பந்தமும் என் கையில். நைட்டி மூட்டையோடு லிஃப்ட் இல்லாத கட்டடம் ஏறினவள் நான். வீட்டு வாசலில் ஆள் வந்து நின்று வேலை கொடுப்பது என்னவென்று இப்போதுதான் பார்க்கிறேன். அதை உன்னிடம் மறைத்துவைக்க எனக்குத் தெரியவில்லை.

குஞ்ஞாப்பு ஒன்று சொன்னார். கடிதம் வாங்க நீ கீழே வந்தபோது காலில் தடித்த சாக்ஸ் போட்டிருந்தாயாம், வாசல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாயாம். “கொச்சி வெயில்ல எவளாவது சாக்ஸ் போடுவாளா” என்று கேட்கிறார். காய்ச்சலா? நின்று நின்று கால் வலியா? எழுது.

துஆவுடன்,
இத்தாத்தா


கொச்சி,
மார்ச் 1

அன்பான இத்தாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. முப்பது ஒப்பந்தத்துக்கு வாழ்த்துகள். உம்மாவும் நலம், நேற்றுப் பேசினேன்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. செருப்பு இரண்டு சைஸ் பெரிதாக வாங்கியிருக்கிறேன். உப்பா போட்ட மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தோம், நூல் சுற்றிப் பார்த்தோம், கடைசியில் பிராட்வே கடைத்தெருவில் ஒரு தட்டானிடம் போய் அறுத்தெடுத்தோம். தட்டான், “கல்யாணத்துக்கப்புறம் பொண்ணுங்க சதை போடுறது உண்டு, உனக்குக் கல்யாணமே ஆகலியே” என்றான். ரீனு சேச்சி உப்பைக் குறைக்கச் சொல்கிறார். காலைப் படத்தைப் பார்த்துவிட்டு ஜவ்ஹர் இக்கா, “கன்னம் நெறஞ்சிருக்கு, இப்பத்தான் லட்சணம்” என்று எழுதியிருந்தார்.

ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டாவது ஷரத்தில் ‘எவரிடமும்’ என்று இருக்கிறது. அதில் உம்மாவும் உண்டா? நீங்கள் உண்டா? காகிதமும் ‘எந்த வழியிலும்’ என்பதற்குள் வருமா? அந்தத் தலச்சேரிப் பெண் லைவுக்கு முன்னால் தன் சிநேகிதியின் போனில் பேசினாளாம், அதுகூடப் பதிவாகிக் கம்பெனிக்கு வந்துவிட்டது என்று ரீனு சேச்சி சொன்னார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சலாம்.

ரம்ஸீனா


ஷார்ஜா,
மார்ச் 15

அன்புள்ள ரம்ஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கி மூன்று நாள் ஆகிறது. நான் சுகம்.

உன் கடிதத்தில் என் நலம், உம்மாவின் நலம், என் வியாபாரத்தின் நலம் எல்லாம் இருந்தது. உன்னுடையது இல்லை. மூன்று தடவை படித்தேன். செருப்பும் மோதிரமும் எழுதத் தெரிந்தவளுக்கு ‘சுகம்’ என்று ஒரு சொல் எழுத ஏன் கை வரவில்லை? நோன்பு பிடிக்கிறாயா? சாப்பாடு இறங்குகிறதா?

நீ கேட்டதற்குப் பதில்: உம்மாவையும் என்னையும் யார் கணக்கில் எடுக்கப்போகிறார்கள். வீட்டுக்குள் பேசுவது வீட்டுக்குள். ஆனாலும் மே கடைசி வரைக்கும் வாயை அடக்கி இருப்பது நல்லது. ஜவ்ஹரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், பெண்களில் யாருக்காவது வீக்கம், அரிப்பு உண்டா என்று. சிரித்தான். “இத்தா, நீங்க எழுதின பேப்பர்தானே. யாராச்சும் சொன்னாத்தானே எனக்குத் தெரியும்.” நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பயணத்தில் குஞ்ஞாப்பு உன் பதிலோடுதான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இத்தாத்தா


ஷார்ஜா,
ஏப்ரல் 12

ரம்ஸி,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் போய் இரண்டு நாள் ஆகிறது.

குஞ்ஞாப்பு வெறும் கையோடு வந்தார். இரண்டு நாள் ஃப்ளாட்டுக்குப் போயிருக்கிறார், மணி அடித்தால் திறப்பார் இல்லை. வாட்ச்மேன், “அந்தக் குட்டியைப் பாத்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு” என்றானாம். என் மார்ச் கடிதத்தைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். கம்பெனி போனுக்கு நான் அழைத்தால் மணி போகிறது, யாரும் எடுப்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்து, ‘பிஸி இத்தாத்தா, சுகம்தான்’ என்று எழுத்தில் வருகிறது. நீ எனக்கு ஒரு நாளும் சலாம் சொல்லாமல், ஒரு கேலியும் இல்லாமல் அப்படி எழுதினதில்லை.

ஆனால் நீ தினமும் வருகிறாய். பெருநாள் காலையில் சிவப்பு உடுப்பில் வந்து முபாரக் சொன்னாய். உம்மா பக்கத்து வீட்டாரையெல்லாம் கூட்டிவைத்து அதைப் போட்டுக் காட்டினாராம். “வேலைனால வர முடியலை. ஆனா பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கா.” நானும் இங்கே பிரியாணித் தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தேன். முகத்தைப் பார்த்து நெஞ்சு ஆறியது. அப்புறம் நீ கையை உயர்த்தினாய். விரலில் மோதிரம் இருந்தது. உப்பா போட்டது. தட்டான் அறுத்த மோதிரம்.

முகத்தில் பச்சைத் தண்ணீர் அடித்ததுபோல இருந்தது. ஒன்பது நாளில் எடுத்தது என்று நீயே எழுதியிருந்தாய், நானும் படித்திருந்தேன். ஆனாலும் இரண்டரை மாதமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். நான் பார்த்தது ஜனவரி மாதத்து ரம்ஸி. மார்ச்சில் நீ எப்படி இருந்தாய், இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று எனக்கும் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. பத்து லட்சம் பேர் தினமும் பார்க்கிற பெண் எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நீ எங்கே இருந்தாலும் எழுது. யார் கையிலாவது கொடு.

இத்தாத்தா


கொச்சி,
ஏப்ரல் 20

இத்தாத்தாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், மன்னியுங்கள். விரலை மடக்க முடியவில்லை. இங்கே துப்புரவுக்கு வருகிற அக்கா ஒருவரின் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், அவனுக்கு அனுப்பும் பொதியில் இதை வைக்கச் சம்மதித்தார். உங்கள் இரண்டு கடிதமும் ஃப்ளாட்டிலிருந்து ரீனு சேச்சி கொண்டுவந்து தந்தார்.

ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பெருநாள் அன்றும் இங்கேதான். காலையில் எழுந்தால் கண் திறக்காது, இமை அவ்வளவு வீங்கியிருக்கும். சிறுநீர் சோப்பு நுரை மாதிரி போகிறது. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் என் பெருநாள் வீடியோவை என் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

சிறுநீரகம் புரதத்தை வெளியே விடுகிறதாம். எதனால் என்று டாக்டருக்குப் புரியவில்லை. வயதான பெண் டாக்டர், நல்லவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்: “நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டியா? உடம்பு இளைக்கப் பவுடர்? முகத்துக்கு ஏதாவது தேய்க்கிறியா? யோசிச்சுச் சொல்லு மோளே, அது தெரிஞ்சா என் வேலை பாதி முடிஞ்சிரும்.” ரீனு சேச்சி அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று சொன்னேன். மூன்று நாள் மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் ஒன்றும் இல்லை என்றேன். முதுகில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்.

கிரீம் டப்பா இங்கே தலைமாட்டில்தான் இருக்கிறது, மருந்துப் பையில். இரண்டு வேளையும் நடக்கிறது. ஒப்பந்தம் முடியவில்லையே.

இத்தாத்தா, ‘எவரிடமும்’ என்றால் டாக்டரும் அதில் உண்டுதானே? அபராதத் தொகை எனக்கு மனப்பாடம். உம்மாவின் வீட்டை விற்றாலும் அதில் பாதி வராது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லுங்கள். உங்களுக்கும் அதையே எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ரம்ஸீனா


ஷார்ஜா,
ஏப்ரல் 27

என் ரம்ஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

டாக்டரிடம் சொல். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவைத்துவிட்டுப் போய்ச் சொல். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எந்த ஆஸ்பத்திரி என்று நீ எழுதவில்லை. மறந்தாயா, பயந்தாயா தெரியவில்லை. போன் செய்தேன், இந்த முறை ரீனு எடுத்தாள்.

“எங்கே ரம்ஸி?”

“ஷூட்ல இருக்கா இத்தா.”

“எந்த ஊர்ல ஷூட்டு?”

“அது வந்து, ஒரு ரிசார்ட்ல. நெட்வொர்க் கெடைக்காது.”

“மோளே ரீனு, நான் உன் எதிரி இல்லை. அவ எந்தக் கட்டில்ல படுத்திருக்கா, அதை மட்டும் சொல்லு.”

அதோடு போனை வைத்துவிட்டாள். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பத்து நாள் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதம். குஞ்ஞாப்பு இன்றைக்கே கிளம்புகிறார். ஃப்ளாட்டில் ரீனுவைப் பிடித்து அவள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு வழி இல்லை. அவள் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். முதல் தடவை அந்த ஷரத்தை எழுதியபோது கடைசியில், ‘மருத்துவரிடம் தெரிவிப்பது தவிர’ என்று சேர்த்திருந்தேன். ஜவ்ஹர் அதைப் படித்துவிட்டு, “டாக்டர் சீட்டுல எழுதுவான் இத்தா, சீட்டு பேப்பர்காரன் கைக்குப் போகும். அந்த மூணு வார்த்தையை எடுத்துருங்க” என்றான். டீ ஆறுவதற்குள் அடித்துவிட்டேன். மூன்று வார்த்தைக்காக ஒரு பெரிய கையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. அடித்த தாளைத்தான் ஒன்பது பேருக்கும் அனுப்பினேன். பத்தாவதாக உனக்கு அனுப்பும்போது அந்த மூன்று வார்த்தை என் நினைவிலேயே இல்லை. பெயரையும் ஊரையும் தொகையையும் மட்டும் மாற்றினேன். மார்ச்சில் நீ கேட்டபோது நினைவு வந்தது. வந்தும் உனக்கு நேராகப் பதில் எழுதவில்லை. முப்பது ஒப்பந்தம் கண்ணை மறைத்தது. இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது.

டாக்டரிடம் சொன்னதற்காக அபராதம் கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் ஜவ்ஹர் போக மாட்டான். அங்கே அந்த வரி நிற்காது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பெண்களைப் பயமுறுத்தத்தான் அந்த வரி. நீ பயந்துவிட்டாய். நான் எழுதியது நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

ரீனு, இதை நீதான் படிக்கிறாய் என்றால்: அவளுக்கு இருபத்துமூன்று வயது. இரண்டு வேளையும் நீ பார்க்கத்தானே பூசுகிறாள். இன்று சாயங்காலம் டப்பாவை எடுத்துக் கொடுக்காதே. அது ஒன்று செய்தால் போதும்.

சுலைக்கா


கொச்சி,
மே 4

அன்பான இத்தாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ரீனு சேச்சி தன் சொந்தப் போனைக் கொடுத்தார், பேசலாம் என்று. உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் உறை கிழிந்து வந்தது. சேச்சி ஃப்ளாட் வாசலில் குஞ்ஞாப்பிடம் வாங்கிக்கொண்டு, லிஃப்டிலேயே படித்துவிட்டாராம். அன்று சாயங்காலம் வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டே இருந்தார். டப்பாவை எடுக்கவும் இல்லை. நான் கையை நீட்டி, “பூசலியே சேச்சி, படம் எடுக்கணும்ல” என்றேன். “இன்னிக்கு வேண்டாம்” என்றார். கடிதத்தையும் அப்போது தரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னமோ நடக்கப்போகிறது, என் மேல் ஏதோ எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் டாக்டர் வந்தார். என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், பழைய கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். அப்போது சேச்சி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தன் சுடிதாரின் காலை முழங்கால் வரை தூக்கினார். கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது, ஈர மண்ணில் அழுத்தினதுபோல.

“எனக்கும் இருக்கு டாக்டரே. ஆறு வாரமா” என்றார். “கம்பெனியில ஸ்டாஃப்புக்கு டப்பா ஃப்ரீ. உப்புன்னு நெனச்சேன். நின்னு வேலை பாக்குறதுன்னு நெனச்சேன். இவளுக்கு ஆனப்பகூட, அது இவ உடம்புன்னு நெனச்சேன்.”

பிறகு மருந்துப் பையைத் திறந்து டப்பாவை டாக்டர் கையில் வைத்தார். டாக்டர் மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்க்கவில்லை. நர்ஸிடம் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். என்னைப் பார்த்து, “ஏன் மோளே சொல்லலை” என்றார். சேச்சிதான் பதில் சொன்னார்: “சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கு. நானும் போட்டிருக்கேன் கையெழுத்து.” அதற்கப்புறம்தான் உங்கள் கடிதத்தை என் மடியில் போட்டார்.

டப்பாவில் பாதரசம் இருப்பதாகச் சோதனையில் வந்திருக்கிறது, இத்தாத்தா. பூசுவதை நிறுத்தி ஆறு நாள் ஆகிறது. சரியாகிவிடுமா என்று கேட்டேன். “பலருக்கும் மெல்ல மெல்லத் திரும்பி வரும், மாசக்கணக்காகும். உனக்கு வரும்னு நம்பறேன். சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார். சத்தியம் பண்ணியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டே கிடக்கிறேன்.

ஜவ்ஹர் இக்கா நேற்று வரவில்லை, ஆள் அனுப்பினார். சேச்சிக்கும் எனக்கும் நோட்டீஸ். சேச்சி கையெழுத்துப் போட்டு வாங்கி, ஆரஞ்சுத் தோலை அதில் மடித்துக் குப்பையில் போட்டார்.

என் மேல் கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. சீக்கிரம் வாருங்கள்.

ரம்ஸீனா


பெரிந்தல்மண்ணை பஸ் நிலையம்,
மே 19

அன்புள்ள ரம்ஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னைப் பார்த்துவிட்டு வந்து நான்கு நாள் ஆகிறது. இமை கொஞ்சம் இறங்கியிருந்தது என்று நான் சொன்னது உன்னைத் தேற்றுவதற்காக இல்லை, நிஜமாகவே இறங்கியிருந்தது. உம்மா இன்று சாயங்காலம் வண்டியில் கொச்சிக்கு வருகிறார். நேற்றுத்தான் சொன்னேன். உடனே போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். இந்தக் கடிதத்தை பஸ்ஸில் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். கம்பெனி போனை நீ தொடாதே.

எனக்கும் நோட்டீஸ் வந்தது. பதினைந்தாவது ஷரத்து, எழுதியவளே வெளியே சொன்னால் என்ன தண்டனை என்பது. அதையும் நான்தான் எழுதினேன், ஜவ்ஹர் கேட்காமலேயே, அவன் மெச்சுவான் என்று. கிரீம் பற்றிய புகாரை டாக்டரின் சீட்டோடு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிவைத்திருக்கிறார்கள். எப்போது எடுத்துப் படிப்பார்கள் என்று தெரியாது. கிரீம் இன்னும் கடைகளில் இருக்கிறது.

அதனால்தான் ஊர் ஊராகப் போகிறேன். அதே தாளில் கையெழுத்துப் போட்ட மற்ற ஒன்பது பேர். அசல் தாளை வைத்து விலாசம் எடுத்தேன். நைட்டி விற்ற மாதிரிதான், மணி அடிப்பது, நிற்பது, உள்ளே விடுவார்களா என்று பார்ப்பது. இதுவரை ஐந்து பேரைப் பார்த்துவிட்டேன். இரண்டு பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேர் காலைக் காட்டினார்கள், அவர்களை அப்போதே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டேன். ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாள்.

இன்று காலை ஆறாவது வீடு. ஃபெமினா என்று ஒரு பெண், ஜனவரிக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவள். அவள் உம்மா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். பயப்படாமல், கோபப்படாமல், மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சிரித்தார்.

“உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. என் மோள் நல்லா இருக்கா. இருங்க.” ஈரக் கையைத் தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். “இதோ, இன்னிக்குக் காலைலதான் வந்திருக்கு. எப்படிச் சிரிக்கிறா பாருங்க.”

நீல உடுப்பில் ஒரு பெண், ஜன்னலுக்கு வெளியே மழை. முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“இப்ப எங்க இருக்கா?”

“கொச்சியில. கம்பெனி ஃப்ளாட்டுல.”

“நீங்க அவளை நேர்ல பாத்து எவ்வளவு நாளாச்சு, இத்தா?”

அவர் போனைத் தாழ்த்தினார். கொடியைப் பார்த்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார்.

துஆவுடன்,
சுலைக்கா